மறுப்பு உண்டா?

என் தம்பியை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையும் நிறையக் கோபமும் வரும். எனக்குப் பார்வை கிடையாது. போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை, கல்லூரியில் படிக்கும்போது எனக்காக எழுத ஆரம்பித்தான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தான். முன்பின் தெரியாத நாலு பேர் கூடமாட உழைத்தார்கள். எங்கெங்கோ இருக்கும் பார்வையற்றவர்கள் பழைய போன்களில் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஒரு பெரிய நிறுவனம் வந்தது. மென்பொருளை விலைக்குக் கேட்கவில்லை; சும்மா கிடைப்பதை எவன் காசு கொடுத்து வாங்குவான்? எழுதுகிறவர்களை ஒவ்வொருவராக வேலைக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் தம்பியையும் எடுத்தது. நல்ல சம்பளம். நானும்தான் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

இப்போது அந்த நிறுவனம் ஒரு மாற்றம் கேட்டது. வாசிக்கும் குரல் இனி போனுக்குள் இருக்காது, அவர்களுடைய சர்வரிலிருந்துதான் வரும். இன்டர்நெட் இல்லாத இடத்தில் போன் வாய் திறக்காது.

மென்பொருளை எழுதும் இந்தக் குழுவில் ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. மறுப்பு உண்டா என்று கேட்பார்கள்; யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். கூட்டம் இணையத்தில் நடக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் நானும் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி வந்தது. ஐந்து பேரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. பக்கத்து அறையிலிருந்த தம்பியும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுப்பு இருக்கிறது என்று நானே சொன்னேன். கூட்டத்தை நடத்தியவர் மிகப் பணிவாக நன்றி சொல்லிவிட்டு, பொறுப்பில் இருக்கும் ஐவரில் ஒருவராவது மறுத்தால்தான் செல்லும் என்றார். அவர்கள் எழுதித் தெரிவிக்க மறுநாள் மாலைவரை நேரம் உண்டாம்.

கூட்டம் முடிந்ததும் தம்பி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

“உன் போனைக் குடுக்கா. பழசையே வச்சுடறேன். நெட் இல்லன்னாலும் பேசும். கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்.”

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்று தைத்தது. எல்லோருக்கும் உரிமையாக இருந்ததை எனக்கு மட்டும் சலுகையாகத் தருகிறான்.

“எனக்கு நீ இருக்க. மத்தவங்க வீட்டுலயும் ஒரு தம்பி இருக்கானா?”

மறுப்பு எழுதி, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டான். தெரியவில்லை என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதையும் சொன்னேன். ஆனாலும் போனை அவனிடம் கொடுக்கவில்லை.