சலவைக்கடை ஆவி

எங்கள் சலவைக்கடையில் எல்லோரும் ஸ்டீம் என்றுதான் சொல்வோம். பெரியப்பா மட்டும் ஆவி என்பார். காலையில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆவி வந்துருச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் கொஞ்சம் மிரளுவார்கள். இரண்டாம் நாள் அவர்களும், "வந்துருச்சுங்க, உள்ள உக்காந்திருக்கு" என்று பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

இஸ்திரி அறையில் கைக்கு வேலை உண்டு, காதுக்குக் கிடையாது. அதனால் அலமாரியின் மேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து நாள் முழுக்கப் பாட்காஸ்ட் ஓட்டுவோம். எதை ஓட்டுவது என்பது என் பொறுப்பு. காணாமல் போன கப்பல்களைப் பற்றிப் பேசும் ஒருவர் எங்களுக்கு ரொம்பப் பிடித்தவர். இதுவரை ஒரு கப்பலைக்கூட அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை. ஆனால் கப்பல் மூழ்கும் இடம் வந்தால், துக்க வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். வண்டுகளைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு கணவன் மனைவி உண்டு. பாதி நேரம் வண்டு ஒரு மூலையில் கிடக்கும், இவர்கள் சண்டைதான் ஓடும். துப்புத் துலங்காத கொலைகளைச் சொல்லும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் வந்தால், "பாப்பா, சத்தத்தைக் கொறை. கொலைகாரனைப் புடிக்கறதுக்குள்ள இங்க காலர் கருகிடும்" என்று இஸ்திரி அண்ணன் கத்துவார்.

ஆனால் வியாழக்கிழமை மதியம் யாரும் கத்த மாட்டார்கள். அன்றுதான் 'தட்டினது யாரு?' வரும்.

அதை நடத்தும் பெண்ணுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தட்டக்கா. அமானுஷ்ய அனுபவங்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. ஆந்தை அலறாது, கதவு கிறீச்சிடாது, பின்னணி இசைகூடக் கிடையாது. யாராவது தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள், தட்டக்கா குறுக்கே பேசாமல் கேட்பாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "அப்ப உங்க கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

முதல் தடவை கேட்டபோது இது என்ன கேள்வி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இறந்துபோன மனைவியின் காலடிச் சத்தம் தினமும் மாடிப்படியில் கேட்கிறது என்று ஒருவர் சொன்னார். கை என்ன செய்துகொண்டிருந்தது என்று தட்டக்கா கேட்டாள். "வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். ரெண்டு பேருக்கு" என்றார். எங்கள் ஆறு மேஜைகளிலும் இஸ்திரிப் பெட்டிகள் அப்படியே நின்றன. தட்டக்கா அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அது என்னன்னு எனக்குத் தெரியலங்க" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டாள். தெரியவில்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியுமா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த வெயில் காலத்தில் எங்கள் ஸ்டீம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பகல் முழுக்கச் சாதுவாக இருக்கும். டீ நேரம் வந்ததும் குழாய்க்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல டமார், டமார் என்று சத்தம் வரும். அழுத்தம் இறங்கிவிடும். இஸ்திரிப் பெட்டிகள் ஸ்டீமுக்குப் பதில் தண்ணீரைத் துப்பும், வெள்ளை விரிப்பெல்லாம் பாழாகும். மெக்கானிக் காலையில் வந்து பார்ப்பார். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்லயே" என்று டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

பொறுத்துப் பார்த்த பெரியப்பா ஒருநாள் மெக்கானிக்குக்குக் குரல் செய்தி அனுப்ப முடிவு செய்தார். போனில் எழுத்தைத் தேடித் தட்டுவது அவருக்குப் பிடிக்காது. "ஆவி" என்று போனிடம் சொன்னார். இரண்டு எண்கள் வந்தன. ஒன்று 'ஆவி மெக்கானிக்'. இன்னொன்று 'ஆவி நிகழ்ச்சி'. என் போன் பழுதாகிக் கிடந்த வாரத்தில் தட்டக்காவைப் பாராட்டிப் பெரியப்பா போனிலிருந்துதான் பேசி அனுப்பியிருந்தேன், அந்த எண் அதிலேயே தங்கிவிட்டது. கண்ணாடி போடாமல் பெரியப்பா கீழே இருந்ததை அழுத்தினார்.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஸ்பீக்கரிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தபோதுதான் தெரிந்தது.

"சலவைக்கடையிலிருந்து பேசறேன். சாயங்காலம் ஆனா இந்த ஆவி பண்ற அட்டகாசம் தாங்கல. காலையில வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போயிடறீங்க. ஆள் வந்தா அது வாலைச் சுருட்டிக்குது. டீ நேரத்துல வந்து உக்காந்து பாருங்க. நேத்து ஒரு பொண்ணு கையைச் சுட்டுருச்சு. அடக்க முடியும்னா அடக்கிக் குடுங்க, இல்ல வேற வழி பாக்கணும்னா அதையாவது சொல்லுங்க."

அடுத்துத் தட்டக்கா பேசினாள். "நேர்ல போய்ப் பாக்காம நான் எதையும் வெளியிட மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு தடவை அந்த விதியை மீறறேன். ஏன்னா இந்தக் குரல்ல பொய்யே இல்ல."

பொய் இல்லைதான்.

இஸ்திரி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெரியப்பா ஓடிவந்தார். "என்னய்யா கூத்து இங்க?"

"மொதலாளி, ஆவியை அடக்க ஆள் வருதாம்!"

விஷயம் புரியப் பெரியப்பாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் மெக்கானிக்குக்கில்ல அனுப்புனேன்! இந்தம்மா ஏன் நடுவுல எடுத்துப் பேசுது?" என்றார். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் அறை சிரித்ததுபோல நாளைக்கு ஊரே தட்டக்காவைப் பார்த்துச் சிரிக்குமே என்றிருந்தது.

மறுநாள் காலையில் மற்றவர்களுக்கும் சிரிப்பு போய்விட்டது. எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் ஒரே ஹோட்டலின் விரிப்புகளும் துண்டுகளும்தான். அங்கே அறைகளைக் கவனிக்கும் மேனேஜரம்மா போன் செய்தார். பெரியப்பாவின் குரலைத் தினமும் கேட்கிறவர். நிகழ்ச்சியில் கடையின் பெயர் இல்லை என்றாலும் குரல் போதுமானதாக இருந்தது.

"எங்க ஆளுங்க பூரா கேட்டுட்டாங்க சார். விரிப்பைத் தொடவே பயப்படறாங்க. தங்க வந்த ஒருத்தர் காதுக்கும் போய், ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"அது பேய் இல்லம்மா. ஸ்டீமு." பெரியப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"நீங்க சொன்னா, 'அவர் அப்படித்தான் சொல்லுவாரு'ம்பாங்க. நிகழ்ச்சி நடத்தற அந்தப் பொண்ணே வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் துணியை வேற இடத்துல போட்டுக்கறோம். கோச்சுக்காதீங்க."

அன்று மூன்று மேஜைகளில் ஸ்டீம் திறக்கவில்லை.

நான் தட்டக்காவுக்கு நடந்ததை முழுக்க எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு பயமாக இருந்தது. எனக்குப் பிடித்த வேறொரு நிகழ்ச்சியில் இப்படி ஒரு தப்பு நடந்தபோது, அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு அடுத்த வாரம் வேறு கதைக்குப் போய்விட்டார்கள். தட்டக்காவும் அதைச் செய்தால் ஹோட்டல் திரும்பி வராது. அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர், இவள் எப்போது வழுக்குவாள் என்று காத்திருந்தார்கள். தப்பை மறைக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. மறைத்தால் எங்கள் கடை போகும். இத்தனை வியாழக்கிழமைகளாக நான் யாரை நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தேனோ அவளும் போய்விடுவாள்.

பதில் வந்தது: "வர்றேன். டீ நேரம்தானே?"

குட்டையாக, தோள்பையோடு, சோப்புத்தூள் வாடைக்குத் தும்மிக்கொண்டே வந்தாள். இஸ்திரி அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "குரலைக் கேட்டப்ப உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்கா."

"எனக்கு வர வேண்டிய உயரமெல்லாம் குரலுக்குப் போயிருச்சு தம்பி."

பெரியப்பா கைகளைப் பிசைந்தார். "அம்மா, கண்ணாடி போடாம நான்தான்..."

"நீங்க சரியாத்தான் பேசியிருக்கீங்கய்யா. தப்பாக் கேட்டது நான்."

"பேய்னே விட்டுருங்கக்கா" என்றார் இஸ்திரி அண்ணன். "சத்தம் வரும் பாருங்க, அப்படியே உள்ளுக்குள்ள ஆடும். இப்படி ஒரு பேய் உங்களுக்கு மறுபடி கெடைக்குமா?"

"கெடைக்காது" என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் குழாய் டமார் என்றது.

நாங்கள் பழக்கதோஷத்தில் துள்ளினோம். தட்டக்கா துள்ளவில்லை. தலையைச் சாய்த்து, அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். ஒவ்வொரு அடியையும் பெரிய மனிதர் ஒருவர் பேசுவதுபோலக் கேட்டாள். சத்தம் ஓய்ந்ததும் ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். "முதல் சத்தம் வந்தப்ப உங்க கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

மெக்கானிக்கிடம் நாங்கள் எத்தனையோ தடவை என்ன நடந்தது என்று சொல்லியிருக்கிறோம். இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. இஸ்திரி அண்ணன் தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் கை கல்லாவில் இருந்தது. யாருமே எந்த வால்வையும் தொடவில்லை. குழாய் எங்கே போகிறது என்று தட்டக்கா அண்ணாந்து பார்த்தாள். மாடிக்குப் போனது. துணி உலர்த்தும் அறைக்குப் போகும் குழாய் அது. நானும் அவள் பின்னால் படியேறினேன்.

மாடியில் பெரியம்மா பட்டன் தைக்கும் அறை இருக்கிறது. பெரியம்மா பகலில் தூங்க மாட்டார். இதை அவரே தினமும் எல்லோருக்கும் நினைவுபடுத்துவார். பெரியப்பா கல்லாவில் கண்ணயர்ந்துவிட்டால் போதும், "பகல்லயே தூங்கி வழியற மனுசனைக் கட்டிட்டு நான் படற பாடு" என்று ஆரம்பித்து இரவுச் சாப்பாடு வரைக்கும் விட மாட்டார்.

"அம்மா, சத்தம் கேட்டப்ப உங்க கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"என் கையா? பட்டன் தெச்சுட்டு இருந்துச்சு. வேறென்ன பண்ணும்?"

ஊசியில் நூல் கோக்கப்படவில்லை. கன்னத்தில் தலையணைச் சுருக்கம் குறுக்கே ஓடியது. நாள் முழுக்கச் சுருக்கத்தோடு மல்லுக்கு நிற்கிற எனக்கு அது தெரியாமல் போகுமா? தட்டக்காவும் பார்த்தாள். பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், "அதுக்கு முன்னாடி?" என்றாள், மெதுவாக.

பெரியம்மாவின் கண் கதவுக்கு வெளியே, படித் திருப்பத்துச் சுவரில் இருந்த வால்வுக்குப் போனது. "குழாய் இந்த ரூமு வழியாத்தான் போவுது. மத்தியானம் வெக்கை தாங்காது. சித்த நேரம் மூடுவேன். டீ நேரத்துக்குத் திறந்து விட்டுருவேன். அதுல என்ன தப்பு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அந்த மைக்கு ஓடுதா?"

"அணைச்சுட்டேன்மா." அணைத்திருந்தாள். எப்போது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டதும் அவர் கேட்ட மாத்திரத்தில், "அட, அதானா!" என்றார். குழாயை மூடினால் உள்ளே நிற்கும் ஸ்டீம் ஆறித் தண்ணீராகிவிடும். திடீரென்று திறந்தால் வருகிற ஸ்டீம் அந்தத் தண்ணீரைத் தூக்கிக் குழாயின் வளைவில் அடிக்கும். ஆறிய குழாய் சூடாகும்வரைக்கும் ஸ்டீமையும் அதுவே குடித்துவிடும். கீழே அழுத்தம் இறங்கும்.

"எவன் அந்த வால்வை மூடுனது?" என்று பெரியப்பா கீழே எகிறினார்.

"அதை நான் விசாரிக்கலைங்கய்யா" என்றாள் தட்டக்கா. "மெதுவாத் திறந்தாப் போதுமாம்." பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நிகழ்ச்சியில் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்க வாய் வரவில்லை.

வியாழக்கிழமை பெரியம்மாகூடப் பட்டன் டப்பாவோடு கீழே வந்து உட்கார்ந்தார்.

"போன வாரம் நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று தட்டக்கா ஆரம்பித்தாள். சின்னக் குழப்பம், தொழில்நுட்பக் கோளாறு என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. பெரியப்பாவின் செய்தியை மறுபடி முழுக்க ஓட்டினாள். நடுநடுவே நிறுத்தினாள். "இந்த இடத்துல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. அவர் இஸ்திரிப் பெட்டியைப் பத்திப் பேசிட்டு இருந்தார்." அவளே சிரித்தாள். தன்னைப் பார்த்து அவ்வளவு நிறைவாகச் சிரிக்கிற ஒருத்தியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "அந்தக் கடையில ஆவி இருக்கு. தண்ணி கொதிச்சா வருமே, அந்த ஆவி. அதுக்குள்ளயும் ஒரு மர்மம் இருந்துச்சு." குழாய்ச் சத்தத்தை ஓட்டினாள், அது எப்படி வருகிறது என்று சொன்னாள். காணாமல் போன ஸ்டீமைத் தேடி மாடி ஏறிய கதை, காணாமல் போன எந்தக் கப்பலுக்கும் குறைந்ததாக இல்லை.

"யாரோ ஒருத்தர் கை அந்த வால்வைத் திருப்புச்சு. யார் கைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தேவையில்ல."

பெரியம்மாவின் ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பா ரொம்பச் சிரமப்பட்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா என் கை என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு நீங்க என்னைக் கேக்கலாம்" என்றாள் தட்டக்கா. "நேர்ல போய்ப் பாக்காம, வெளியிடற பட்டனை அழுத்திட்டு இருந்துச்சு. இவ்வளவு வருஷமா எல்லாரையும் கேட்டேன். என்னைக் கேட்டுக்க மறந்துட்டேன். அந்தக் கடைத் துணியில நான் தாராளமாப் படுத்துத் தூங்குவேன். நீங்களும் தூங்குங்க."

இஸ்திரி அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சோப்புத்தூளு" என்றார்.

ஹோட்டலிலிருந்து போன் சாயங்காலமே வந்தது. பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"கேட்டோம் சார். எங்க ஆளுங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. இந்த ஒரு வாரமா வேற கடையிலிருந்து வந்த விரிப்பைப் பாக்கணுமே, ஒரே சுருக்கம். நாளைக்கு வண்டி அனுப்பறேன். ஆவி நல்லாப் புடிச்சே அனுப்புங்க."

"புடிச்சே அனுப்பறேன்மா!" என்று பெரியப்பா கூவினார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "ஆறு மேஜைக்கும் ஆவி விடுங்கப்பா!"

"மெதுவா" என்று மாடிப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "மெதுவாத் திறங்க."