ஏழாம் நம்பர் வாய்

வாய் கொப்பளிக்கும் திரவம் தயாரிக்கிற கம்பெனி அது. அங்கே ஊரார் வாயை மோந்து பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை ஒருவருக்கு. அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

நடுவில் ஒரு திரை, திரையில் ஒரு துளை, துளையில் ஒரு கண்ணாடிக் குழாய். அந்தப் பக்கம் உட்காருகிறவர் இரண்டு நிமிடம் வாயை மூடியிருந்துவிட்டுக் குழாயில் ஊத வேண்டும். இந்தப் பக்கம் மூக்கர் மோந்துவிட்டு எண்ணைச் சொல்வார். பூஜ்யம் என்றால் வாடையே இல்லை. ஐந்து என்றால் ஆளை அடிக்கும். ஊதுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். சிபாரிசு நுழைய முடியாத ஒரே இடம் அந்தக் குழாய்தான் என்று அவருக்கு ஒரு பெருமை.

இதற்கு முன் மூன்று இடத்தில் வேலை போயிருந்தது. மூன்றிலும் மூக்குதான் காரணம். தேயிலைக் கிடங்கில், சரக்கு பூஞ்சணம் பூத்துப்போய்விட்டது என்று வாங்க வந்தவர் முன்னாலேயே சொன்ன மகராசன் அவர். இங்கே ஆறு மாதத் தற்காலிகம் இன்றோடு முடிகிறது. நிரந்தர உத்தரவு முதலாளி சட்டைப்பையில் இருப்பதாகப் பேச்சு.

"இந்த வேலையும் போச்சுன்னா, மூக்கைக் கழட்டி வெளியில ஆணியில மாட்டிட்டு உள்ள வாங்க" என்று காலையில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அன்று விற்பனையாளர்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே பரிசோதனை. முதல் ஆறு பேர் பல் துலக்கி, கம்பெனித் திரவத்தில் கொப்பளித்துவிட்டு வந்தவர்கள். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று ஒழுங்காகப் போயிற்று. ஏழாம் நம்பர் வந்தபோது கூட்டத்தில் ஏதோ சலசலப்பு. மூக்கர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு குழாயருகே குனிந்தார். மறுகணம் நாற்காலியோடு பின்னால் போனார்.

எண்ணைச் சொன்ன கையோடு காரணத்தையும் சொல்வது அவர் பழக்கம். பழக்கம் யாரை விட்டது?

"அஞ்சு" என்றார். "பல்லு தொலக்கி வருஷக்கணக்கா ஆச்சு. நாக்கை வழிச்சதே இல்லை. மேல கொஞ்சம் புதினா வாசனையைப் பூசியிருக்கு, அவ்வளவுதான். அந்த ஜன்னலைத் திறந்துட்டு அடுத்த ஆளை அனுப்புங்க."

யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. திரை விலகியது. உட்கார்ந்திருந்தவர் முதலாளி.

மனிதர் தன் விளம்பரத்தைத் தானே நம்பிவிட்டவர். 'முப்பது நொடி போதும்' என்று ஊரெல்லாம் எழுதி வைத்து, அதைப் படித்துத் தானும் மயங்கி, மூன்று வருஷமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. 'பல் துலக்கிய பின் பயன்படுத்தவும்' என்று புட்டியின் அடியில் ஒரு வரி உண்டு. எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவு எழுத்து. அந்த அளவை முடிவு செய்ததும் அவர்தான்.

நாற்பது முகத்திலும் ஈயாடவில்லை.

முதலாளி நிதானமாக எழுந்து வந்தார். "உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கோ?"

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. மூக்கர் கண்ணுக்கு அந்தக் கதவு தெரியவில்லை, வீட்டு ஆணிதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மென்று விழுங்கினார்.

"ஆமாங்க. ரெண்டு நாளா மூக்கடைப்பு."

"அதானே பார்த்தேன்" என்றார் முதலாளி. நாற்பது பேரும் கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே எப்படியோ தட்டினார்கள்.

நிரந்தர உத்தரவு கிடைத்தது, பதவி உயர்வோடு. இனி அவர் முதலாளியின் தனி ஆலோசகர். குளிரூட்டிய அறை, திறக்க முடியாத ஜன்னல், முதலாளிக்கு நேர் எதிரே ஒரு முழ தூரத்தில் நாற்காலி. மனைவி உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, அவர் கன்னத்தைத் தொட்டாள். கண்ணில் நீர் நின்றது. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு வாரம் போனது. முதலாளி கதவைச் சாத்திவிட்டு, மேஜைமேல் கவிழ்ந்து, அவர் முகத்தருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். மூணு வருஷமா என் சம்சாரம் தனி ரூம்ல படுக்குறா. பேத்தியைத் தூக்கினா அவளும் முகத்தைத் திருப்பிக்கிறா. ஏன்னு கேட்டா எல்லாரும் சிரிச்சு மழுப்புறாங்க. அன்னைக்கு நாற்பது பேர் முன்னாடி நீங்க ஒருத்தர்தான் ஏதோ சொன்னீங்க. அதுக்குத்தான் உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன். நிஜத்தைச் சொல்லுங்க, உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

அந்தக் கண்கள் கெஞ்சின. மூக்கருக்கு மனசைப் பிசைந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்தது, நான்கே சொல். அதைச் சொல்ல மூச்சை இழுத்தாக வேண்டும். இழுத்தார், கண் இருட்டியது. அந்த இருட்டில் ஆணி பளிச்சென்று தெரிந்தது.

கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு இன்னும் சளி விடலைங்க" என்றார்.