பழைய ரப்பரின் அளவு

என் கணவருக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு வந்தால் தெருவுக்கே கேட்கும். அதனால் அன்று காலை ஷெட்டிலிருந்து சத்தமே வரவில்லை என்றதும் ஏதோ தப்பு என்று தெரிந்தது. தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மனிதர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மடியெல்லாம் கறுப்புத் துண்டுகள். கதவைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றப் போயிருக்கிறார். அது காய்ந்த சுள்ளி மாதிரி படபடவென்று ஒடிந்துவிட்டது. நான்கு கதவிலும் இதே கதைதான். பிரேக் மிதியின் ரப்பர் தொட்டதுமே பொடியாக உதிர்ந்திருக்கிறது.

"அண்ணன் சொன்னதுதான் சரி. இது தேறாது. வித்துடலாம்," என்றார்.

எழுந்தார், கைகூடக் கழுவாமல் வீட்டுக்குள் போனார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்தப் படுக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அவர் அப்படித்தான் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் விழுங்குவார், திரும்பப் போய்ப் படுப்பார். ஒருநாள் ஷெட்டில் நின்ற பழைய காருக்குள் பூனை குட்டி போட்டுவிட்டது. அதை விரட்டப் போனவர் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். மதியம் வரை திரும்பவில்லை. கேட்டால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று நான் வாயை அடக்கிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இன்ஜின் ஓடியது. துரு போனது, பெயின்ட் ஏறியது. மனிதர் தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். சாப்பாட்டில் உப்பு குறைகிறது என்று அவர் குற்றம் சொன்ன அன்று எனக்குக் கோபம் வரவில்லை. சமையலறையில் நின்று அழுதேன்.

காரை வாங்கியவர் என் மாமனார். அவருக்குப் பிறகு அது அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை, எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இன்ஜின் ஓட ஆரம்பித்த புதிதில் ஆசையாக இந்தக் காரில் சம்பந்தி வீட்டுக்குப் போனார். வழியில் மழை. கதவோரமெல்லாம் தண்ணீர் இறங்கி, சம்பந்தி வீட்டு வாசலில் அவர் இறங்கும்போது பேன்ட்டின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சம்பந்தி அம்மாள் துண்டை நீட்டினாளாம். அன்றிலிருந்து அவருக்குக் கார் என்றாலே எரிச்சல். வாங்குகிற ஆளையும் பார்த்துவிட்டார். தம்பி கெஞ்சியதால் ஒரு கெடு வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் உள்ள உக்காருவேன். நீங்க வெளிய இருந்து பைப்ல தண்ணி அடிங்க. ஒரு சொட்டு உள்ள வந்தாலும் வித்துடறோம். வரலைன்னா என் பங்கும் உனக்கே."

அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மனிதர் இப்படிப் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர காரில் எதற்கும் பேர் தெரியாது. கார் போனால் போகட்டும். ஆனால் கார் போனால் இவர் மறுபடி எழுந்திருக்க மாட்டார். அதை மட்டும் விட மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஓரம் அடிப்பது என் தொழில். கதவு ரப்பர் என்பது கதவுக்கு ஓரம் அடிப்பதுதானே, ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பழைய பசையைச் சுரண்டினேன். அது தகரத்தோடு தகரமாக ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்து, மரக்கட்டையால் நெம்பி, விரல் நுனியெல்லாம் கன்றிப்போனது. உதிரிபாகக் கடையில் ரப்பர் கேட்டபோது கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை, எனக்குத்தான் வேண்டும், எடுங்கள் என்றேன். கதவு ரப்பர் சுருள், மிதிகளுக்கு ரப்பர், கியர் தண்டின் அடியில் போடும் ரப்பர் உறை, எல்லாம் வாங்கினேன். உறை ஏற மறுத்து உயிரை வாங்கியது. கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்து, இளகியிருக்கும்போதே சோப்பு தடவி அமுக்கினேன். வாயை மூடிக்கொண்டு ஏறியது.

கதவுக்கு எங்கள் தையல்காரர் வழியில்தான் போனேன். புதுச் சட்டை தைக்க வருகிறவர்கள் அளவுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுப்பார்கள். அதை விரித்து அதன் மேல் வெட்டினால் தப்பே வராது. ஒடிந்த ரப்பர் துண்டுகளைப் பொறுக்கி, வெட்டும் மேஜையில் வரிசையாக அடுக்கி, கதவு கதவாக அளவெடுத்து வெட்டினேன். பொருத்தும்போது கொஞ்சம் போதவில்லை. எலாஸ்டிக்கை இழுத்துத் தைக்கிற கைக்கு இது பெரிய விஷயமா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முனையோடு முனை சேர்த்து ஒட்டினேன். நான்கு கதவும் பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தன. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், நான்கு கதவிலும் முனைகள் விலகிக்கிடந்தன. இடைவெளியில் விரலே நுழைந்தது. மூலைகளில் ரப்பர் தகரத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. கையிலிருந்த பசை டப்பாவைச் சுவரில் வீசினேன். கடைக்காரனை, ரப்பர் செய்தவனை, மாமாவை, சம்பந்தி அம்மாளை, ஒருவர் விடாமல் திட்டினேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு என் கணவர் ஷெட் வாசலில் வந்து நின்றார். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி. கதவைப் பார்த்தார், ஒரு முனையை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"எத வெச்சு அளந்த?"

பழையதை வைத்து என்றேன்.

"பழசு காஞ்சு சுருங்கிப்போச்சுல்ல. சுருங்கின சட்டைய வெச்சு அளவெடுப்பியா நீ?"

இத்தனை வருடம் கத்தரிக்கோல் பிடித்த கை! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இழுத்து ஒட்டியதும் தப்பாம். இழுத்தால் ரப்பர் மெல்ல மெல்லத் தன் பழைய நீளத்துக்கே போய்விடுமாம். இதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை.

"தெரியுதுல்ல? அப்ப வந்து முனையப் பிடிங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு," என்றேன்.

பிடித்தார்.

மறுபடி கடைக்குப் போய்ச் சுருள் வாங்கி வந்தேன். இந்த முறை கதவையே அளந்தோம். இழுக்காமல், கொஞ்சம் தாராளமாக விட்டு, மூலைகளில் ரப்பரை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஒட்டினோம். அவர் தள்ள, நான் அமுக்க, இடையிடையே யார் கை தப்பு என்று சண்டை. சேரும் முனையைக் கதவின் அடியில் வைத்தோம். இப்போது கதவைச் சாத்த முடியவில்லை! புது ரப்பர் தடிமன். பிளேடால் சீவிவிடலாமா என்றார். ரப்பர் மேல் கை வைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ரப்பர் படியட்டும் என்று கதவுகளை அழுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் அவிழ்த்தபோது கதவு ஒரே தள்ளில் 'டப்' என்று சாத்திக்கொண்டது. அவர் திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பழைய பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பைப்பை நான் பிடித்தேன். கூரை, கண்ணாடி, கதவோரம் என்று ஓர் இடம் விடாமல், இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். கதவுகளில் ஒரு பொட்டு ஈரம்கூட உள்ளே போகவில்லை. மாமாவே ரப்பரை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தேன். மாமா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"ஒரு சொட்டு," என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "விழுந்துருச்சுப்பா."

நான் காரைப் பார்க்கவில்லை. என் கணவர் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி வீட்டுக்குள் போனார். பைப்பிலிருந்து தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் போச்சே. மாமா காரிலிருந்து இறங்கி, ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.

என் கணவர் திரும்பி வந்தார். கையில் டார்ச்.

"வைப்பர் தண்டு வெளிய போற எடத்துல சின்னதா ஒரு ரப்பர் வளையம் இருக்கு. அதையும் மாத்தியிருக்கணும். மறந்துட்டோம்," என்றார்.

மாமா தயங்கினார். "பேசினது பேசினதுதானேப்பா. ஒரு சொட்டுன்னு..."

"விக்க மாட்டேண்ணா. உங்க பங்கு உங்களுக்கே இருக்கட்டும். என் பங்கு இதுல இருக்குல்ல, அத நான் குடுக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளுங்க."

அவர் தன் அண்ணனிடம் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. தள்ளி நின்றார். இவர் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அடி," என்றார் உள்ளேயிருந்து.

நான் தூக்குவதற்குள் "நான் விடறேன்ப்பா" என்று மாமா என் கையிலிருந்து பைப்பை வாங்கி, வைப்பர் தண்டின் மேல் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டார்.

"இன்னும் அடிங்கண்ணா. அங்கதான். அங்கயேதான்." மாமா அங்கேயே பிடித்தார். பிறகு உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நேரா கண்ணுலயே விழுந்துச்சு. எடம் கெடச்சிருச்சு."