பீலிக்கரைச் சிங்களம்

சுதர்ஷினி தொடங்கிய எந்தப் பழக்கமும் ஒரு வாரம் தாங்கியதில்லை. சுவரில் ஒட்டிய நேர அட்டவணை அடுப்புப் புகையில் கறுத்துப்போனது. போன் அலாரத்தை விரல் தூக்கத்திலேயே அணைத்துவிடும். ஆனால் இந்தத் தடவை விட முடியாது. ஹட்டனில் புதிதாகத் திறக்கும் ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. நேர்முகத் தேர்வு சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். பேச வாயைத் திறந்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"தினமும் மறக்காம என்னாதான்டி செய்வ?" என்று கேட்டாள் ஷிராணி. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோழி. கொழும்புத் துணிக்கடையில் வேலை பார்த்து, சிங்களத்தை வெளுத்து வாங்குகிறவள்.

"பீலிக்கு தண்ணி எடுக்கப் போறது. போகாட்டி அம்மா கொன்னுபுடும்."

"அப்ப அங்கயே பேசுவோம்."

மஸ்கெலியாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லா லயத்துக்கும் மலை ஊற்று நீர் கொட்டும் பீலி ஒன்றுதான். விடிந்ததும் வாளிகள் வரிசை கட்டிவிடும். ஷிராணி சட்டம் போட்டாள்: வரிசையில் நிற்கும்வரை சிங்களம்; ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் வாளியோடு கடைசிக்குப் போக வேண்டும்.

முதல் நாள் சுதர்ஷினிதான் கடைசியாகத் தண்ணீர் பிடித்தாள். வேடிக்கை பார்த்த வேலாயி அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? தானும் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு யாருடைய வாளியோ காலில் இடித்தது.

"ஐயோ அம்மா!"

"தமிழு! பின்னுக்குப் போங்கக்கா!" என்று சிங்களத்தில் கத்தினாள் ஷிராணி.

"அடியே, வலிக்கிறதுக்குமா சிங்களம்?"

"இதுவும் தமிழு!"

பீலிக்கரையே சிரித்தது. வேலாயியின் புருஷன் அன்று தேத்தண்ணி குடிக்காமலே பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடினார். அதன்பின் சுதர்ஷினிக்கு அலாரம் தேவைப்படவில்லை. வாளிச் சத்தம் கேட்டதுமே எழுந்துவிடுவாள்.

அப்போதுதான் லயத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் வந்தது. எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளியது சுதர்ஷினிதான். மறுநாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அதற்கடுத்த நாளும். தேர்வு நெருங்கிய ஒரு மாலை கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தாள். நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது.

விடிந்ததும் வாளியைத் தூக்கினாள்.

"குழாயத் தொறந்தா கொட்டுது. எங்கடி போற?" என்றாள் அம்மா.

"தண்ணிக்கு இல்லம்மா. வேலைக்கு."

பீலிக்கரையில் ஆளே இல்லை. வாளியை வைத்துவிட்டு, கொட்டும் தண்ணீரிடமே சிங்களத்தில் நலம் விசாரித்தாள். பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. வேலாயி அக்கா.

"வீட்டுக் குழாயில தண்ணி வருது, சிரிப்பு வரலயேடி!"

"தமிழு!"

ஏற்கெனவே கடைசியில் நின்ற வேலாயி, இன்னும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஷிராணியும் வந்து சேர்ந்தாள்.

நேர்முகத் தேர்வில் முகாமையாளர் அம்மா, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் கேட்டார். சுதர்ஷினி வாயைத் திறந்தாள். "வந்து..." என்றாள். தமிழ்! அடுத்த நொடி அவள் கால்கள் தாமாக எழுந்தன. கைப்பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கதவோரம் போய் நின்றுவிட்டாள்.

"எங்கே போகிறீர்கள்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டபோதுதான் அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்தது. வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். பீலியை, வாளிகளை, ஷிராணியின் சட்டத்தை, வேலாயி அக்காவின் காலை, தேத்தண்ணி கிடைக்காத புருஷனை. எல்லாம் சிங்களத்தில், மூச்சுவிடாமல். அந்த அம்மா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், எப்போது வேலைக்கு வரலாம் என்று கேட்டார்.

மறுநாள் விடியலில் சுதர்ஷினி வாளியை ஆட்டிக்கொண்டு ஓடினாள். பீலி கண்ணில் பட்டதுமே கத்தினாள்.

"வேல கெடச்சிருச்சிக்கா!"

வேலாயி அவளைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கிள்ளி, பிறகு மெதுவாக விரலை நீட்டினாள். வாயிலிருந்து வந்தது சுத்தமான சிங்களம்: தமிழில் சொல்லிவிட்டாய், கடைசிக்குப் போ.

சுதர்ஷினி சிரித்துக்கொண்டே வாளியோடு கடைசிக்குப் போனாள்.