ரக்ஷனா வரைந்த கட்டைவிரல்

“என் கையைத் திருடிட்டே, திருடி!”

“உங்க கை உங்க தோள்லதானே தொங்குது, அண்ணே! வேணும்னா எண்ணிப் பாருங்க லா!”

ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஏழாம் மாடியே வாசலுக்கு வந்துவிட்டது. நான் முன்னமே அங்கேதான் நின்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? அன்றைக்கு அது மூன்றாவது தடவை என்பது எனக்கும் செடிக்கும் உள்ள விஷயம்.

கத்தியவன் எங்கள் மாடியிலேயே குடியிருந்த கமலத்தின் மகன் ஸ்ரீநாத். இருபத்தெட்டு வயது. ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் மாதிரிப் படம் வரைகிறவன்: முகத்தில் பாதி கண், அடுப்புத் தீ மாதிரித் தலைமுடி. பதில் கொடுத்தவள் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு ரக்ஷனா. அவளுக்கும் அதே கிறுக்குதான். அவன் இணையத்தில் போட்ட படங்களைச் சேர்த்துவைத்து, ஒரு நாளைக்கு ஐம்பது கை என்று ஒரு வருஷம் வரைந்து பழகினாள். “நல்லா வரையறவங்களைப் பார்த்துத்தானே ஆன்ட்டி கத்துக்கணும்?” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். தப்பில்லை. பார்த்தது ஒரே ஒருத்தனை, அதுதான் வினை.

தஞ்சோங் பகாரில் ஓர் அனிமேஷன் கம்பெனி, ஒரே ஒரு வேலை, இரண்டு பேரும் மனுப் போட்டிருந்தார்கள். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், யாரைப் பார்த்து யார் வரைந்தது என்று அன்று காலை போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள். காட்டிக்கொடுத்தது இடது கட்டைவிரல். பதினாறு வயதில் பந்து விளையாடி உடைத்துக்கொண்டான் ஸ்ரீநாத். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. தன் இடது கையைப் பார்த்தே வரைவதால் அவன் வீரர்கள் எல்லாருக்கும் கட்டைவிரல் கோணல். ரக்ஷனாவின் வீராங்கனைகள் பதினெட்டுப் பேருக்கும் அதே கோணல்!

“அது உங்க ஸ்டைல்னு நினைச்சேன்!”

“எலும்பு முறிஞ்சது உனக்கு ஸ்டைலா?”

“சரி, வெள்ளிக்கிழமை நேர்ல வந்து வரையச் சொல்லியிருக்காங்கல்ல? யார் கை பெருசுன்னு அங்க பார்த்துக்கலாம்.”

அவள் அதோடு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. சிரித்தாள்.

அவள் கையிலிருந்த வரைநோட்டைப் பிடுங்கி, கிழித்து, ஏழாம் மாடியிலிருந்து வீசினான். அவள் எஃகுத் தண்ணீர்ப் புட்டியால் அவன் வாயிலேயே ஒரு போடு போட்டாள். ஒரு பல் உருண்டு வந்து என் துளசித் தொட்டியடியில் நின்றது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவள் முடியைப் பிடித்து இழுத்துப் போனான். தன் வீட்டு இரும்புக் கேட்டின் இடுக்கில் அவளுடைய வலது கையை வைத்து அறைந்து சாத்தினான். முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். ஒரு தடவையென்றால் ஆத்திரம் என்று சொல்லலாம். அவன் கேட்டைத் திறந்தான். விரல்களைச் சரியாக நீட்டிவைத்தான். மறுபடியும் சாத்தினான்.

“ஐயோ, அவ வரையற கைடா!” என்று கமலம் அலறினாள். அவனுக்குத் தெரியாதா என்ன?

லிஃப்டிலிருந்து வந்த ரக்ஷனாவின் அண்ணன் குமரன் பரோட்டாப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். ஸ்ரீநாத்தின் தலையைச் சுவரில் மோதினான், மோதினான், கமலம் காலில் விழுகிற வரைக்கும் மோதினான். அதற்குள் போலீஸ் வந்தது. வீடியோ எடுத்தது படியிறங்கி வந்த எட்டாம் மாடி. நான் நாலு பேருக்கு அனுப்பியதோடு சரி.

வெள்ளிக்கிழமை ஸ்ரீநாத் காவலில், ரக்ஷனா ஆபரேஷன் மேஜையில். வேலை பட்டியலில் மூன்றாவதாக இருந்த குவீன்ஸ்டவுன் பெண் அஃப்னாவுக்குப் போனது. விசாரித்தேன். அவளும் பார்த்து வரைந்து பழகினவள்தானாம். ஒருத்தரிடம் கண், ஒருத்தரிடம் முடி, ஒருத்தரிடம் கை என்று நாற்பது பேரிடம். எவன் வந்து உரிமை கேட்பான்?

ஸ்ரீநாத் சிறைக்குப் போனான். கமலம் வீட்டை விற்றுவிட்டு ஜோகூரில் தங்கையோடு போய்ச் சேர்ந்தாள். குமரன் மீதும் வழக்கு. அவனுக்கு நிச்சயித்திருந்த திவ்யதர்ஷினியின் வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் யார் அனுப்பினார்களோ தெரியாது. அந்தப் பெண் பிறகு மெல்பர்னில் யாரையோ கட்டிக்கொண்டாள்.

ரக்ஷனாவுக்கு இரண்டு விரல் மடங்கவே இல்லை. வார்டில் கட்டு மாற்றிய ஆண் தாதி நிதீஷைத்தான் போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள். செங்காங்கில் குடியிருக்கிறார்கள். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.