தொண்ணூற்றிரண்டு பக்கங்களும் ஒரு வரியும்

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். முப்பத்தெட்டு வயதாகி, முன்மண்டை வெளுத்து, செயற்கைக் கால் செய்யும் நிறுவனம் ஒன்றின் வலைத்தளத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறான். ஆனாலும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவன் சின்னவன்தான். அந்தத் தளத்தைத் தமிழிலும் போட வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்தபோது, வீட்டிலிருந்தே அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த அண்ணியின் பெயரைச் சொன்னதும் அவன்தான். அந்தப் பெருமையோடு ஒரு மாதம் திரிந்தான்.

அண்ணி எதையும் ஒப்புக்குச் செய்கிற ஆள் இல்லை. கால் பொருத்தும் அறையில் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்துதான் தொண்ணூற்றிரண்டு பக்கங்களையும் எழுதிக் கொடுத்தார்.

சின்னவன் பக்கங்களை ஏற்றினான். அரைகுறையாக யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் தலையிலும் ஒரு வரி போட்டு வைத்தான். படிப்பவருக்கு அது தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் தெரியும். இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே என்று அதற்கு அர்த்தம். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். முடிந்த அன்று எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள், சின்னவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வரி அங்கேயே இருந்தது.

அப்புறம் நான்கு மாதம் தமிழ்ப் பக்கங்களை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மேலாளர் அம்மா ஏன் என்று கேட்டார். தமிழ் கொஞ்சம் கடினமாக இருக்கிறது போல என்று சின்னவன் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தான். சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்று அண்ணியிடமும் அதையே சொன்னான். அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வாதாடவில்லை, முதல் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினார். அப்போதும் யாரும் வரவில்லை. இன்னும் எளிமையாக இருக்கலாம் என்று சின்னவன் மறுபடியும் சொல்ல, அண்ணி மறுபடியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கிள்ளி எறிந்தார். இன்னும் ஒரு தடவை திருத்தினால் எல்லாம் தந்தியாகிவிடும் என்று அண்ணன் கிண்டல் செய்தார். அண்ணி சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. இன்னும் மூன்று மொழிகளில் தளம் வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். தமிழ்ப் பக்கத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று சின்னவன் அதன் தலையைத் திறந்தான். அந்த வரி அங்கே சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேசையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கமுக்கமாக அதை எடுத்தான். ஒவ்வொரு பக்கமும் மற்ற மொழியில் உள்ள தன் ஜோடியைச் சுட்டும்படி செய்தான், முழுப் பட்டியலையும் தேடுபொறிக்குப் புதிதாகக் கொடுத்தான். மூன்றே வாரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தினமும் இருநூறு பேர், முந்நூறு பேர்.

மேலாளர் அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுருக்கி எழுதியதுதான் வேலை செய்திருக்கிறது என்று அவரே முடிவு கட்டினார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அண்ணி வந்து, புது மொழிகளுக்கு எழுதப்போகிறவர்களிடம் எப்படிச் சுருக்கினார் என்று விளக்க வேண்டும் என்றார். அந்த இடத்திலாவது சின்னவன் வாயைத் திறந்திருக்கலாம். மென்று விழுங்கிவிட்டு, சொல்லிவிடுகிறேன் மேடம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி அவனைக் கூப்பிட்டிருந்தார். பேசப்போவதை எழுதி வைத்திருந்தார், சரியாக இருக்கிறதா என்று அவன் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"நான் முதல்ல எழுதினது யாருக்கும் புரியலை. என் தப்பு என்னன்னு எனக்கே தெரியலை. என் கொழுந்தன்தான் பொறுமையா எடுத்துச் சொன்னார்."

வெட்கமும் சந்தோஷமுமாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சின்னவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அதைப் படிக்காதீங்க அண்ணி. தப்பு என்னுது" என்றான். வரியைப் போட்டது, மறந்தது, யாருக்கும் தெரியாமல் எடுத்தது எல்லாவற்றையும் மேசை விரிப்பைப் பார்த்தபடியே சொன்னான்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ஒரு வருஷமா தேடினவங்களுக்கு எதுவுமே கிடைச்சிருக்காதா?"

"கிடைச்சிருக்காது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசம் ஆகுது."

திட்டிவிட்டால் தேவலை என்று காத்திருந்தான். அண்ணி திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, "கடினமா இருக்குன்னு சொன்னியே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சின்னவன் யோசித்துப் பார்த்தான். ஒரு பக்கம், ஒரு வாக்கியம், ஒரு சொல்லாவது நினைவுக்கு வருமா என்று தேடினான். உடம்பெல்லாம் கூசியது.

"நான் எதையும் படிக்கலை அண்ணி. ஒரு பக்கம்கூட."

நாளைக்கு நீயே பேசிக்கொள் என்று சொல்லி, எழுதி வைத்திருந்த தாளை அண்ணி அவன் பக்கம் தள்ளினார். உள்ளே போய் மடிக்கணினியை எடுத்து வந்து, முதன்முதலில் எழுதியதைத் திறந்து அவன் முன்னால் வைத்தார்.

"சத்தமா படி."

அவன் படித்தான்.

"முதல் நாள் பத்து நிமிடம் போதும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கழற்றி வைத்துவிட்டுத் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் பயப்படாதீர்கள், இது உங்கள் தவறு இல்லை. நாளைக்கு மறுபடி முயலலாம்."

இப்போது தளத்தில் அந்த இடத்தில் 'வலி இருந்தால் கழற்றவும்' என்று மட்டும் இருக்கிறது. கடினமான சொல் எங்காவது இருக்கிறதா என்று அவன் இன்னொரு தடவை பார்த்தான். ஒன்றுகூட இல்லை. அடுத்த வரி கண்ணில் தெளிவாகத் தெரியவில்லை, துடைத்துக்கொண்டான்.

"அடுத்த பக்கம்" என்றார் அண்ணி.