புரொபசர் தேயரின் ஈ

“நேத்து நீங்க கையைத் தூக்குறதுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன், புரொபசர். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.”

“இப்ப சொன்னா மட்டும் சந்தோஷப்படுவேனா?”

“சொல்லித்தான் ஆகணும்,” என்றாள் கெசியா. “நீங்க கையை வீசுறது நீதிபதிக்குப் பிடிக்கலையாம். கொசு ஓட்டுற மாதிரி இருக்காம்.”

ஓசையாஸ் தேயர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் அந்தக் கைகளை அறியாத ஊர் குறைவு. சுவரொட்டிகளில் அவருடைய முகத்தைவிடக் கைகளைத்தான் பெரிதாகப் போடுவார்கள். உள்ளே ஓடும் காந்த சக்தி வெளியே கசிந்துவிடக் கூடாது என்று ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலும் கையுறை அணிந்திருப்பார். ஒருவருடைய நெற்றியிலிருந்து இடுப்புவரை, மேலே படாமல், காற்றில் தடவினால் அவர் தூங்கிவிடுவார். கீழிருந்து மேலாகத் தடவினால் விழித்துக்கொள்வார். மெஸ்மரிசம் என்பது அவருக்கு அவ்வளவு எளிமையானது. ‘புரொபசர்’ பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த கெசியா புரூயட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வருஷக்கணக்காக ஊர் ஊராக மேடையேற்றித் தூங்கவைத்தார். தூக்கத்தில் அவள் மூடிய பெட்டிக்குள் இருப்பதைச் சொல்வாள். முன்வரிசைக்காரரின் கல்லீரல் எப்படி வீங்கியிருக்கிறது என்று விவரிப்பாள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு காற்று மாறியது. செத்துப்போனவர்கள் ஆவியாக வந்து வீட்டுக்கு வீடு மேஜையைத் தட்ட ஆரம்பித்ததும் உயிரோடு இருப்பவர்களின் கல்லீரலைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் போனது. இந்த வசந்தத்தில் ஒருநாள் கெசியா தானாகவே கண்ணை மூடினாள். அடித்தொண்டையில், தன் பெயர் எல்நேதன் கிராக்கர் என்றும், நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே இறந்த நீதிபதி என்றும் பேசினாள். அன்றிலிருந்து அவள் ஆவிகள் வந்து பேசும் மீடியம். அழைப்புகள் அவள் பெயருக்கு வந்தன. புரொபசர் பெட்டி தூக்கினார், திரைச்சீலைகளை இழுத்துவிட்டார், பிரார்த்தனைப் பாட்டுக்கு முதல் அடி எடுத்துக்கொடுத்தார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. கை இல்லாமலே தூங்கக்கூடியவள் என்றால், அந்த நாட்களில் அவளைத் தூங்கவைத்தது கைதானா? பாவம், மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா? நேரே கேட்டால் உண்மை வராது. கெசியா நல்ல பெண், மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கொசு ஓட்டும் விஷயத்தைக்கூட நீதிபதியின் தலையில் போட்டுத்தான் சொன்னாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. வொர்ஸ்டர் நகரத்து மேடையில், தூங்கிக்கொண்டிருந்த கெசியாவின் மூக்கில் ஒரு கொழுத்த ஈ வந்து உட்கார்ந்தது. அவசரமில்லாமல் அங்குமிங்கும் நடந்தது, நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தும்மல் வந்ததே தவிர, கெசியாவின் இமைகூட அசையவில்லை. மனம் சோரும்போதெல்லாம் புரொபசர் அந்த ஈயை நினைத்துக்கொள்வார். செத்துப்போன தம்பியைக்கூட அவர் அவ்வளவு நினைத்ததில்லை.

கொசுப் பேச்சு நடந்த அன்று பிற்பகல் விதவை லொவீனா விப்பிள் வீட்டில் ஆவியோடு பேசும் கூட்டம். ஆண், பெண், ஆண், பெண் என்று வட்டமாக உட்கார்ந்து கை கோர்த்தால்தான் சக்தி ஓடும். எதற்காகவும் கையை விடக் கூடாது. ஒரு விருந்தாளி தன் பசு கன்று போடுகிறது என்று வராமல் போனதால் ஓர் ஆண் குறைந்தது. விப்பிள் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். கணப்பருகே படுத்திருந்த நாய் ஆண்தான். அதையும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார்.

“புரொபசர், நீங்க சும்மாதானே இருக்கீங்க? கெசியா பக்கத்துல உக்காருங்க. நடுவுல கையை மட்டும் வீசிடாதீங்க.”

அந்த ‘சும்மா’வை விழுங்கிக்கொண்டு புரொபசர் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கெசியாவின் கையைப் பிடித்தார். பாட்டு முடிவதற்குள் அவள் தலை சாய்ந்தது. நீதிபதி வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், ஆளுக்கு ஒரு கேள்வி என்றார். விப்பிள் அம்மா தன் கணவர் சுகமா என்று கேட்டார். சுகம், அந்தப் புட்டிங் விஷயத்தை மன்னித்துவிட்டார் என்று பதில் வந்தது. மன்னிக்க வேண்டியது தான்தான் என்று விப்பிள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான், வெல்லப்பாகு ஊற்றிய இஞ்சிக் கேக்கை விட்டுக் கிளம்பிய ஓர் ஈ, மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கெசியாவின் மூக்கில் போய் உட்கார்ந்தது.

புரொபசர் மூச்சுவிடவில்லை. ஈ மூக்கின் நுனிவரை நடந்தது. கெசியாவின் விரல்கள் அவர் கைக்குள் இறுகின. பிறகு அவள் வாயிலிருந்து அந்தக் கட்டைக் குரல் வந்தது.

“யாராவது இந்த ஈயை ஓட்டுங்க.”

கையை விட்டால் வட்டம் உடைந்துவிடும், நீதிபதியே போய்விடுவார். வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒரே சமயத்தில் கெசியாவின் முகத்தைப் பார்த்து ஊதினார்கள். ஈ எழுந்து போய் விப்பிள் ஐயாவின் படத்தில் உட்கார்ந்தது.

புரொபசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கொடுத்த தூக்கத்தில் அவளுக்கு ஈ தெரியவில்லை. நீதிபதி கொடுத்த தூக்கத்தில் தெரிகிறது. என் கைதான் பெரியது. அந்தச் சந்தோஷம் ஒரு வாய்க் காபி குடிக்கும் நேரம்தான் நின்றது. விடியலிலிருந்து இருட்டும்வரை தறி முன்னால் பஞ்சுத்தூசியில் முகத்தைத் துடைக்காமல் நின்ற பெண், வேண்டியவருக்காக ஓர் ஈயைப் பொறுத்துக்கொள்ள மாட்டாளா?

“உங்க முறை, புரொபசர்,” என்றார் விப்பிள் அம்மா. “யாரைக் கூப்பிடணும்? உங்க தம்பியையா?”

“அவன் நல்லாத்தான் இருப்பான்.” புரொபசர் தொண்டையைச் செருமினார். கெசியாவின் மூடிய கண்களைப் பார்த்துப் பேசினார். “நீதிபதி ஐயா, எனக்குச் செத்தவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். உயிரோட இருக்கிற பொண்ணுகிட்டதான் கேக்கணும். நீங்க இப்ப அவளுக்குள்ளதானே இருக்கீங்க.”

அவர் பிடித்திருந்த கை மெல்ல வியர்த்தது.

“வொர்ஸ்டர்லயும் ஒரு ஈ வந்துச்சு. அன்னிக்கு அவ நெசமாவே தூங்கினாளா, இல்ல எனக்காகப் பொறுத்துக்கிட்டாளா? கொஞ்சம் அவகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்.”